12 ஏன் தப்பு, 12.5 ஏன் சரி

கேள்வி: மகன் ரங்கூனில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். ‘படகு ஆற்றை எதிர்த்து 30 கி.மீ. போக 3 மணி நேரம், அதே தூரம் ஆற்றோடு திரும்ப 2 மணி நேரம். படகின் வேகம், ஆற்றின் வேகம் என்ன?’ என்று கணக்கு. மொத்தம் 60 கி.மீ., 5 மணி நேரம், ஆகவே படகின் வேகம் 12 என்று எழுதுகிறான். விடை 12.5 என்கிறார்கள். டியூஷனில் சூத்திர நோட்டு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு தாய், தலா (ரங்கூனுக்கு எதிர்க்கரை ஊர்)

பதில்: வாங்காதீர்கள் அம்மா.

பையன் எழுதிய 12, போய்வந்த பயணத்தின் சராசரி வேகம். படகு மெதுவாக ஊர்ந்தது 3 மணி நேரம், வேகமாக ஓடியது 2 மணி நேரம்தான். அதனால் சராசரி குறைகிறது. கேட்பதோ அசையாத தண்ணீரில் படகின் வேகம்.

படகின் வேகம் ப, ஆற்றின் வேகம் ஆ. எதிர்த்துப் போகும்போது மணிக்கு 10 கி.மீ., ஆற்றோடு வரும்போது 15. அதாவது ப − ஆ = 10, ப + ஆ = 15. இரண்டையும் கூட்டினால் ஆ அடிபட்டுப் போய் 2ப = 25. ப = 12.5, ஆ = 2.5. சரிபார்க்க, 12.5-இல் 2.5-ஐக் கழித்தால் 10 வருகிறதா? வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதைப் பல சூத்திரங்களாகப் பிரித்து, நோட்டாக்கி, கியாட் (பர்மா பணம்) வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். ‘இந்தக் கேள்வி கட்டாயம் வரும்’ என்று தாள் விற்கிற தரகர்கள் இன்னொரு கூட்டம். மனப்பாடத்துக்கே மார்க் போடும் பரீட்சை இருக்கிறவரை இவர்கள் கடைக்குப் பூட்டு விழாது. சூத்திரத்தை உருப்போட்ட பிள்ளை, தூரத்தை மைலில் மாற்றிக் கேட்டாலே திணறுகிறான். 20 நிமிடத்தை 0.20 மணி என்று எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. அது ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

தலாவில் இருக்கிறீர்கள், ஆகவே ஒன்றை விளக்கியே ஆக வேண்டும். ரங்கூன் ஆற்றில் கடல் ஏறும்போது தண்ணீர் மேல்நோக்கி ஓடும், வற்றும்போது கீழ்நோக்கி. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். விவரம் தெரிந்த படகுக்காரர் ஏற்றத்தில் மேலே போய், வற்றத்தில் திரும்புவார். இரண்டு பக்கமும் தண்ணீர் தள்ளிவிடும். தள்ளும் வேகம் ஒன்றே என்று வைத்தால் போக 2 மணி, வர 2 மணி. இப்போது சமன்பாடு எழுதச் சொல்லுங்கள். ப + ஆ = 15, மறுபடியும் ப + ஆ = 15. ஒரே சமன்பாடு இரண்டு தடவை! இதை வைத்துக்கொண்டு ப-வையும் ஆ-வையும் யாராலும் பிரிக்க முடியாது, எந்த நோட்டாலும் முடியாது. பரீட்சைக் கணக்கில் ஆறு எப்போதும் ஒரே பக்கம், ஒரே வேகத்தில் ஓடுகிறது என்பது சொல்லாத நிபந்தனை. மண்டலேயிலிருந்து பகானுக்குப் போகும் ஐராவதி ஆற்றுப் படகுக்கு அது ஓரளவு பொருந்தும். கடல் ஏற்றம் அங்கே எட்டாது, திரும்பி வரத்தான் நேரம் அதிகம். உங்கள் வீட்டு வாசல் ஆற்றுக்குப் பொருந்தாது.

அப்புறம், அந்த டியூஷன்காரரிடம் நோட்டைத் திறக்காமல் இதே கணக்கைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.