கேளுங்க, சொல்றோம்: சௌபாட்டி வில்சன் யாரு?

கேள்வி: கிர்காம் சௌபாட்டி எதிர்ல வில்சன் காலேஜ் இருக்கே, அந்த வில்சன் யாருங்க, வெள்ளைக்கார கவர்னரா?
- ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: கவர்னர் இல்லம்மா, ஜான் வில்சன்னு ஒரு ஸ்காட்லாந்து சபை போதகர். 1804ல லாடர்ங்கிற சின்ன ஊர்ல பொறந்து எடின்பரோல படிச்சுட்டு 1829ல மனைவி மார்கரெட்டோட பம்பாய் வந்தவர். 1832ல அவர் ஆரம்பிச்ச ஸ்கூல்தான் பின்னாடி காலேஜா வளர்ந்துச்சு, இப்ப நீங்க பாக்குற பில்டிங் 1889ல வந்தது, அவர் 1875லயே இங்கயே காலமாயிட்டார்.

மராத்தி, குஜராத்தி, சமஸ்கிருதம், பாரசீகம்னு எல்லாத்தையும் உக்காந்து கத்துக்கிட்ட மனுஷன். குஜராத்ல கிர்னார் பாறைல இருக்குற அசோகர் கல்வெட்டோட நகல் இவர் மூலமாத்தான் கல்கத்தால இருந்த, பழைய எழுத்துகளை ஆராய்ச்சி பண்ண ஆங்கிலேயர் ஜேம்ஸ் பிரின்செப் கைக்குப் போச்சு, அந்த பிராமி எழுத்தைப் படிக்க அது பெரிய உதவி, எனக்கு இவர்கிட்ட ரொம்பப் பிடிச்சதே இதுதான். ஆனா 1839ல இவர் ஸ்கூல்ல படிச்ச ரெண்டு பார்சி பசங்க ஞானஸ்நானம் வாங்கி கிறிஸ்தவங்களா மாறினப்போ ஊரே கொந்தளிச்சு, கேஸ் கோர்ட் வரைக்கும் போய், பார்சிக்காரங்க புள்ளைங்கள ஸ்கூலை விட்டு நிறுத்திட்டாங்க, பெத்தவங்க கோபம் நியாயம்னுதான் எனக்குப் படுது.

1843ல ஸ்காட்லாந்து சபை ரெண்டா உடைஞ்சப்போ, பிரிஞ்சு வந்த ஃப்ரீ சர்ச் பக்கம் போனார், 1870ல அதோட பொதுச்சபைக்கே தலைவர், நடுவுல பம்பாய் யூனிவர்சிட்டி துணைவேந்தராவும் இருந்தார்.

மார்கரெட்டை மட்டும் மறந்துடாதீங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்குப் படிப்புன்னு கேட்ட காலத்துல அவங்களுக்குன்னே ஸ்கூல் நடத்தினவங்க, 1835லயே போய்ச் சேந்துட்டாங்க. காம்தேவில இருக்குற செயின்ட் கொலம்பா ஸ்கூல் அவங்க ஆரம்பிச்சதுதான்.