திரும்பிப் போனவர் மறுபடி வரும்போது

வணக்கம் அக்கா,

ஒரு மாவட்டத் தலைநகரில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். கணவரிடம் அடிபட்ட ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு மூன்று முறை வந்தார், மூன்று முறையும் கணவர் வீட்டுக்கே போய்விட்டார். கடைசி முறை மனு தயாராக இருந்தது, கையெழுத்துப் போடாமலே கிளம்பிவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ரொம்ப இரக்கம் காட்டாதே, அடுத்த தடவை கண்டிப்பா பேசு" என்கிறார் கூட வேலை செய்பவர். இரக்கம் மட்டும் போதாதா அக்கா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அது உங்கள் முகத்தில் தெரிந்துவிட்டால் அவர் நான்காம் முறை வரமாட்டார், என் பயமெல்லாம் அதுதான்.

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அடியோ பாலியல் வன்முறையோ பட்ட பெண்களில் உதவி கேட்டுப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். 77 பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. பெற்ற அம்மாவிடம்கூட. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மூன்று முறை உங்கள் படியேறியிருக்கிறார்.

பல வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு துணைக்கு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் இருந்தவர் என்ன விஷயம் என்றார், சொன்னாள். உள்ளே ஒருவர் கேட்டார், மறுபடி சொன்னாள். மூன்றாமவர் "நீ என்னம்மா பண்ணினே, சும்மாவா அடிப்பான்?" என்றார். நாலாவதாக அதிகாரி கேட்டபோது, உதடு கிழிந்து தையல் போட்டிருந்த அந்தப் பெண், "ஒண்ணுமில்ல சார், சின்ன சண்டை" என்றாள். அவர் அதையே எழுதி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் கதை சுருங்கிக்கொண்டே வந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான், இன்றுவரை அது மனசை விட்டுப் போகவில்லை.

கண்டிப்பாகப் பேசச் சொல்கிறார்களே, அந்த வீட்டில் அவர் கேட்பது முழுக்கக் கண்டிப்புதான். எப்போது சாப்பிட வேண்டும், யாரிடம் போனில் பேசலாம் என்பதுவரை இன்னொருவர் முடிவு. நீங்களும் "இப்பவே கையெழுத்துப் போடு" என்றால் அவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? அதோடு, பிரிந்து கிளம்பும் நேரம்தான் உயிருக்கே அதிக ஆபத்தான நேரம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஆளின் கோபம் எதுவரை போகும் என்பதை உங்களையும் என்னையும்விட அவர் நன்றாக அறிவார்.

இன்னொன்றும் தோன்றுகிறது. மனு என்றாலே விவாகரத்து, புருஷன் ஜெயிலுக்குப் போவான், நாம் தெருவுக்கு வருவோம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இவரும் அப்படி நினைத்து ஓடியிருக்கலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) அப்படிச் சொல்லவில்லை. 17ஆம் பிரிவின்படி வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி, அவர் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமை உண்டு. அங்கேயே இருந்துகொண்டு, அடிக்கக் கூடாது என்று 18ஆம் பிரிவில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இதற்கு விவாகரத்தும் வேண்டாம், எஃப்ஐஆரும் வேண்டாம். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் இலவசம். இதையெல்லாம் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, பிள்ளைகள் காதில் விழாத இடத்தில், நிதானமாகச் சொல்லுங்கள். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பொய் நம்பிக்கை கொடுத்து அனுப்புவது பெரிய துரோகம்.

சரி, இரக்கம் மட்டும் போதுமா என்றால் போதாது. கழுத்தை நெரித்தது உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கையால் ஒருமுறை நெரித்திருந்தாலும் அது உயிராபத்தின் அறிகுறி, வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்த நேரத்தில் போன் செய்தால் பாதுகாப்பு, அந்த போனை வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் நீங்களாகக் கூப்பிடாதீர்கள், அந்த ஒரு அழைப்பே அன்றிரவு அடியாகலாம். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம், இவற்றை அவர் நம்பும் ஒருவரிடம் கொடுத்துவைக்க முடியுமா என்று சேர்ந்து யோசியுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181ஐ எழுதிக் கொடுக்காதீர்கள், மனப்பாடம் செய்யவையுங்கள்.

நீங்கள் அழுததைப் பற்றிச் சங்கடப்பட வேண்டாம். ஆனால் அதை இறக்கிவைக்க உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும், உங்கள் மையத்தின் மூத்த ஆலோசகரிடம் வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம், இன்றே ஒரு வேலை. அவருடைய பழைய கோப்பை எடுத்து முழுசாகப் படித்து, எல்லோருக்கும் எடுக்க வசதியாக வையுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது நீங்கள் விடுப்பில் இருந்தாலும், அங்கே இருப்பவர் "போன தடவை பெரியவனுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, சரியாயிடுச்சா?" என்று கேட்டுத் தொடங்கட்டும்.