பிளாஸ்மா நடுவில் ஏன் குவிகிறது?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே ஒரு கிராமம் எங்கள் ஊர். கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். டோகமாக் என்னும் வளைய வடிவக் காந்தக் கருவியில் அடைபட்ட பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவில், துகள்கள் எப்படி நகர்கின்றன என்று கணிக்க ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். வாயுவை விளிம்பில் மட்டுமே செலுத்துகிறேன். உள்ளே அடர்த்தி முழுக்கத் தட்டையாக வருகிறது. ஆய்வுக் கட்டுரைகளின் படங்களிலோ நடுவில் உயர்ந்து நிற்கிறது. நிரலில் பிழையா? சூப்பர் கணினி இல்லாமல் இந்தத் தலைப்பு வேண்டாம் என்கிறார் வழிகாட்டி. மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். உங்கள் நிரல் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. அதற்கு நீங்கள் கொடுத்த இயற்பியல்தான் பாதியில் நிற்கிறது.

விரவல் (diffusion), அதாவது துகள்கள் தாமாகப் பரவுவது, மட்டும் இருந்தால் துகள்கள் நெருக்கமான இடத்திலிருந்து நெருக்கம் குறைந்த இடத்துக்கே போகும். நடுவில் துகள் ஊற்று இல்லாதபோது, நிலைபெற்ற அடர்த்தி தட்டையாக இருந்தே தீரும். ஆனால் டோகமாக்கில் துகள்களை இடம்பெயர்ப்பதில் மோதல்களைவிடக் கொந்தளிப்பின் பங்கே பெரிது. ஒகேனக்கல் ஆற்றில் ஒரு சுழி, நுரையை ஒரே சுற்றில் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடுகிறது என்று பார்த்திருப்பீர்கள். தானாகப் பரவி அந்தத் தூரத்தைக் கடக்க நுரைக்கு வெகுநேரம் பிடிக்கும். பிளாஸ்மாவில் அலைபாயும் சிறு மின்புலங்கள் காந்தப்புலத்தோடு சேர்ந்து இத்தகைய சுழிகளை உண்டாக்குகின்றன.

இந்தச் சுழிகள் துகள்களை வெளியே மட்டும் தள்ளுவதில்லை. வெப்பநிலைச் சரிவும் வளைந்த காந்தப்புலமும் சேரும்போது, துகள்களை நடுவை நோக்கி இழுக்கும் போக்கும் அதே கொந்தளிப்பிலிருந்து பிறக்கிறது. அடர்த்தி குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குத் துகள் போவது வெப்ப இயக்கவியலுக்கு முரண் என்று பதற வேண்டாம். சூடு வெளியே பாய்வதால் கூடும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு), துகள் குவிவதால் குறைவதை ஈடுகட்டிவிடுகிறது.

ஆகவே உங்கள் சமன்பாட்டில் விரவல் பாய்வோடு இன்னொன்றையும் சேருங்கள்: அடர்த்தியை உள்நோக்கிய வேகத்தால் பெருக்கினால் வரும் பாய்வு. பிளாஸ்மாவின் நடு அச்சில் இந்த வேகம் சுழியமாக வேண்டும். ஆரத்துக்கு ஏற்ப நேர்விகிதத்தில் வளரும்படி வைப்பது எளிது. காந்திநகரில் 1989-இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா டோகமாக்கின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிளாஸ்மாவின் ஆரம் 0.25 மீட்டர். விரவல் குணகம் விநாடிக்கு 1 சதுர மீட்டர், விளிம்பில் உள்நோக்கிய வேகம் விநாடிக்கு 8 மீட்டர் என்று வைத்தால், நடு அடர்த்தி விளிம்பு அடர்த்தியைப் போல் சுமார் 2.7 மடங்கு வர வேண்டும். தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். மொத்தப் பாய்வு சுழியம் என்று எழுதினால் இரண்டே வரி. விளிம்பு அடர்த்தியைச் சுழியமாக வைக்காமல் ஒரு நிலையான மதிப்பாக வையுங்கள். ஆரத்தை 100 கட்டங்களாகப் பிரித்து வெளிப்படை (explicit) முறையில் தீர்த்தால், காலப்படி 3 மைக்ரோ விநாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விடை வெடித்துச் சிதறும். சாதாரண மடிக்கணினிக்கு இது எளிய வேலை.

குவிதலைத் தீர்மானிப்பது இழுப்புக்கும் விரவலுக்கும் உள்ள விகிதம்தான், இரண்டின் தனித்தனி அளவுகள் அல்ல. வழிகாட்டியிடம் முதலில் காட்ட வேண்டிய படம் இதுதான் என்பேன். இரண்டையும் இரட்டிப்பாக்குங்கள்: நிலைபெறும் நேரம் பாதியாகும், இறுதி வடிவம் மாறாது.

இதெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டு அல்ல. ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட், இங்கிலாந்தின் ஜெட் ஆகிய இரு டோகமாக்குகளிலும் மோதல்கள் குறையக் குறைய அடர்த்தி நடுவில் மேலும் குவிந்தது. பிரான்ஸில் இந்தியாவும் பங்காளியாக இருந்து எழுப்பும் ஈட்டர் என்ற அணுக்கரு இணைவுச் சோதனை உலை, மோதல் மிகக் குறைந்த நிலையில் இயங்கப்போகிறது. அங்கே எரிபொருள் நடுவில் குவிவது நல்லது. சுவரிலிருந்து பெயரும் டங்ஸ்டன் குவிந்தால் கதிர்வீச்சாகச் சூட்டை இழந்து பிளாஸ்மா குளிர்ந்துவிடும். இணைவில் பிறக்கும் ஹீலியமும் வெளியேறியாக வேண்டும்.

வழிகாட்டி சொல்வதிலும் நியாயம் உண்டு. துகள்களின் சுழற்சியைச் சராசரியாக்கி, இடத்தையும் வேகத்தையும் சேர்த்து ஐந்து பரிமாணங்களில் தீர்க்கும் கணிப்புகளுக்குச் சூப்பர் கணினி தேவை. ஆனால் ஹசெகவா, வகதானி என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 1983-இல் தந்த இரு பரிமாணச் சமன்பாடுகள் மடிக்கணினியிலேயே ஓடும். பௌட்++ (BOUT++) என்ற இலவச, திறந்த மூல நிரலில் அதற்கான மாதிரி தயாராக இருக்கிறது. திட்டத்தின் இரண்டாம் பாதியை அதில் வையுங்கள்.

அதில் ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். அடர்த்தியும் மின்னழுத்தமும் ஒரே அலைக் கட்டத்தில் (phase), அதாவது ஒன்றாகவே, ஏறி இறங்கினால், அலைகள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிகரத் துகள் பாய்வு சுழியம்தான். இரண்டுக்கும் இடையே கட்ட வேறுபாடு விழும்போதுதான் துகள்கள் கசிகின்றன. காந்தக் கோடுகளின் வழியே எலக்ட்ரான்கள் ஓடுவதை எளிதாக்கும் அளவுருவை உயர்த்திக்கொண்டே போங்கள். கட்ட வேறுபாடு சுருங்கும், பாய்வும் கூடவே வற்றும். இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் உங்கள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் கைக்கு வந்துவிடும்.