முள் சொன்ன சாட்சி

கேள்வி: 1945 ஏப்ரல் 9 அன்று இன்ஸ்ப்ரூக் பக்கம் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டில் தலைகுப்புறப் பாய்ந்த ஜெர்மன் விமானி ஹான்ஸ் கீடோ முட்கே, ஒலியின் வேகத்தைத் தாண்டினாராமே? வேகமானியின் முள்ளே 1,100 கிலோமீட்டரில் போய் நின்றதாமே! தோற்ற நாட்டுக்காரர் என்பதால்தானே பெருமை முழுவதையும் அமெரிக்காவின் சக் யேகருக்குக் கொடுத்துவிட்டார்கள்?
- வாசகர், திருச்சி

பதில்: அந்த முள்ளைத்தான் நான் நம்பமாட்டேன். முட்கேயை நம்புகிறேன். விமானம் உதறியதும், ரிவெட்டுகள் தெறித்ததும், பிடி கைக்கு அடங்காமல் போனதும் நடந்திருக்கும். ஆனால் அந்த உதறல் ஒலி வேகத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். மாக் 0.86-ஐ, அதாவது ஒலி வேகத்தில் 86 சதவீதத்தை, நெருங்கினாலே 262 மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும் என்பதை மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனமே சோதித்துக் கண்டிருந்தது.

வேகமானி வேகத்தை நேராக அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்துதான் வேகத்தைக் காட்டுகிறது. ஒலி வேகத்தை நெருங்கும்போது விமானத்தைச் சுற்றி அதிர்வலைகள் எழுந்து அந்த அழுத்தத்தையே குலைத்துவிடுகின்றன. விமானம் செங்குத்தாக விழும்போதோ, உயரம் குறையும் வேகத்துக்குக் கருவி ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். இதற்கு நாடு, இனம் எதுவும் கிடையாது. 1942 நவம்பரில் அமெரிக்காவின் பி-47 விமானிகள் இருவர் பாய்ச்சலில் மணிக்கு 725 மைலைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. அது புரொப்பெல்லர் விமானம்! அந்த வேகம் அதற்கு முடியவே முடியாது.

262-ஐ ஓட்டுவது பற்றி 1946-இல் வெளியான அமெரிக்கக் கையேட்டைச் சிலர் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒலி வேகத்தைக் கடந்ததும் 262 மறுபடி பிடிக்கு அடங்குவதாக அதில் இருக்கிறதாம். இருக்கிறது, 'என்று சொல்லப்படுகிறது' என்ற வால் ஒட்டிக்கொண்டு! செங்குத்துப் பாய்ச்சல் எதுவும் சோதிக்கப்படவில்லை என்றும் அதே கையேடு சொல்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

தோற்ற நாடு என்கிறீர்கள். விமானி ஜார்ஜ் வெல்ச் அமெரிக்கர்தான். 1947 அக்டோபர் 1 அன்றே எக்ஸ்பி-86 விமானத்தில் அவர் தாண்டிவிட்டார் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அளந்த பதிவு இல்லாததால் அவருக்கும் பட்டம் இல்லை. அதே மாதம் 14-ஆம் தேதி யேகர் பறந்த எக்ஸ்-1 விமானத்துக்குள் பதிவுக் கருவிகள் இருந்தன. தரையில் ராடார் இருந்தது. மாக் 1.06. அதையும் அமெரிக்க விமானப்படை உடனே தம்பட்டம் அடிக்கவில்லை. 1948 ஜூனில்தான் ஒப்புக்கொண்டது.

'முதலில் யார்' என்ற இந்த வினாடி வினா வியாதியோடு இதே பக்கத்தில் பல முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். முட்கே ஏப்ரல் 25 அன்று சுவிட்சர்லாந்தின் டூபெண்டார்ஃபில் கொண்டுபோய் இறக்கிய 262 இன்று ம்யூனிக் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பார்க்கிறவர்கள் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்கிறார்கள். யார் செய்தது என்று கேட்பவர் குறைவு. ஆஸ்திரியாவில் சாங்க்ட் கியோர்கன் ஊரின் மண்ணுக்கடியில் 'பெர்க்கிரிஸ்டால்' என்ற சுரங்கத் தொழிற்சாலை இருந்தது. 262-இன் உடற்பகுதிகள் அங்கே உருவாயின. குடைந்தவர்களும் பொருத்தியவர்களும் குசென் வதைமுகாமின் கைதிகள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பட்டினியாலும் அடியாலும் விழுந்தவர்களின் இடத்தில் அடுத்த கைதியை நிறுத்தி வேலையை ஓட்டினார்கள். அவர்களைப் பற்றி ஒரு கேள்வி அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கிப் பதில் எழுதுகிறேன்.