அப்பா கண்ணுல பயாப்ஸி பண்ணலாமா?

கேள்வி: டாக்டர், நாங்க மும்பை மாதுங்கால இருக்கோம். அப்பாவுக்கு 63 வயசு. 8 மாசமா இடது கண்ணு மங்கலா இருக்கு, கொசு பறக்குற மாதிரி தெரியுதுங்கிறார். யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள்ள அழற்சின்னு ஸ்டீராய்டு குடுத்தாங்க, குறைஞ்சுது, மாத்திரையை குறைச்சதும் திரும்ப வந்துருச்சு. இப்போ ரெட்டினாவுக்கு (விழித்திரைக்கு) அடியில மஞ்சளா திட்டு இருக்கு, பயாப்ஸி பண்ணணும்கிறாங்க. ஊசி பட்டா பரவிடும்னு அத்தை பயமுறுத்துறாங்க. மாத்திரையவே தொடரலாமா?

பதில்: வேண்டாம்மா, அந்த முடிவு மட்டும் எடுத்துடாதீங்க. 60 தாண்டினவங்களுக்கு ஸ்டீராய்டுல அடங்கி அடங்கி திரும்ப வந்தா எங்களுக்கு லிம்போமா சந்தேகம் வரும், அது வெள்ளணுக்கள்ல வர்ற புற்றுநோய், அழற்சி மாதிரியே வேஷம் போடும், கொஞ்ச நாள் ஸ்டீராய்டுக்கும் கட்டுப்படும், அதுலதான் எல்லாரும் ஏமாறுறோம். டிபி, டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி, ஹெர்பீஸ் வைரஸ்கூட ரெட்டினால திட்டு உண்டாக்கும். ரெட்டினாவோட அடுக்குகளை காட்டுற ஓசிடி ஸ்கேன்ல திட்டு எங்க இருக்கு, எவ்ளோ தடிமன்னு தெரியும், உள்ள இருக்கிறது என்ன செல்லுன்னு தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற வேறயாச்சே.

எடுத்ததுமே ரெட்டினாவை வெட்ட மாட்டாங்க. பெரும்பாலும் முதல்ல கண்ணுக்குள்ள இருக்கிற விட்ரியஸ் ஜெல்லியில ஒரு மில்லி போல எடுப்பாங்க, துளை 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுல செல்லை பார்ப்பாங்க, கிருமியோட மரபணுவை தேடுற பிசிஆர் டெஸ்ட் போடுவாங்க, இன்டர்லூகின் 10ங்கிற புரதம் இன்டர்லூகின் 6ஐ விட அதிகமா இருந்தா லிம்போமா சந்தேகம் வலுக்கும். அதுலயும் பிடிபடலைன்னாதான் திட்டோட ஓரத்துல இருந்து, நடுப்பார்வைக்கான மாக்குலாவை தொடாம, சின்ன துணுக்கு எடுக்குறது. ரிஸ்க் இல்லைன்னு சொல்ல மாட்டேன், ரத்தம் கசியலாம், ரெட்டினா பிரியலாம், அதுக்குத்தான் சுத்தி லேசர் போட்டு, உள்ள கேஸோ சிலிக்கோன் ஆயிலோ நிரப்புறாங்க.

அத்தை சொன்னது குழந்தைங்களுக்கு வர்ற ரெட்டினோபிளாஸ்டோமாங்கிற கண் புற்றுநோய்க்கு சரி, அதுல ஊசி குத்தினா செல்லு கண்ணுக்கு வெளிய பரவலாம், அதனால பயாப்ஸி பண்றதில்ல. அப்பா விஷயம் அது இல்ல.

முக்கியமா ஒண்ணு, ஸ்டீராய்டு லிம்போமா செல்லை கரைச்சிடும், எடுத்த சாம்பிள்ல ஒண்ணுமே தெரியாம போயிடும், அதனால எப்போ நிறுத்தணும்னு சர்ஜன்கிட்ட கேளுங்க, நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க. சாம்பிள் லேபுக்கு எவ்ளோ சீக்கிரம் போகும்னும் கேளுங்க, அந்த செல்லு வேகமா சிதைஞ்சிடும். முதல் ரிப்போர்ட் நெகட்டிவ்னு வந்தும் சந்தேகம் தீரலைன்னு டாக்டர் திரும்ப எடுக்க சொன்னா தப்பா நினைக்காதீங்க.

கண்ணு லிம்போமா மூளைக்கும் போறது சகஜம், எம்ஆர்ஐ எடுத்தாச்சான்னு பாருங்க. லிம்போமான்னு உறுதியானா உங்களுக்கு பரேல் டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி ரெண்டாவது ஸ்டேஷன்தான். அப்பாவுக்கு சமீபமா மறதியோ நடையில தடுமாற்றமோ இருந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம இன்னிக்கே போன் பண்ணி சொல்லிடுங்கம்மா.