பதில்: ஹவுஸ் புள்ளிக்கு எவ்வளவு ராண்ட் கொடுப்பது?

வணக்கம் அக்கா. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் தன் ஹவுஸின், அதாவது பள்ளியில் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் அணியின், தர்மப் பணிக்குப் பொறுப்பாளர் ஆகியிருக்கிறாள், வசூலான ராண்ட் பணத்துக்கு ஏற்றபடி புள்ளி தருவதால் அவள் ஹவுஸ் கடைசியில் நிற்கிறது, உங்களிடம் பணம் கேட்டு அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பணம் கொடுக்காதீர்கள். இந்தத் தடவை கொடுத்தால் அடுத்த டேர்மிலும் இதே கதைதான்.

என் மகள் படித்த பள்ளியிலும் இப்படித்தான் இருந்தது, வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதிகம் உள்ள ஹவுஸே வருஷா வருஷம் ஜெயிக்கும், மற்றப் பிள்ளைகள் கூனிக் குறுகிப் போவார்கள், எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதனால் உங்கள் மகளையே ஹவுஸ் டீச்சரிடம் பேசச் சொல்லுங்கள்: பணத்துக்குப் பதிலாக, உழைத்த நேரத்துக்குப் புள்ளி. ஜூலை 18 மண்டேலா நாளில் 67 நிமிடம் சேவை செய்யக் கேட்பதே நெல்சன் மண்டேலா பொதுவாழ்வில் செலவிட்ட 67 வருஷங்களுக்காகத்தானே, அங்கே யாரும் ராண்ட் எண்ணுவதில்லை. டீச்சர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், எதையும் சேகரிக்கும் முன் அந்தத் தர்மத்தைப் பெறப்போகும் இடத்துக்கு ஒரு போன் போட்டு என்ன தேவை என்று கேட்கட்டும். பழைய துணி மூட்டை மூட்டையாகப் போய்ச் சேரும், சானிட்டரி பேட் இருக்காது. பெண்கள் பள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை என்ன இருக்கிறது? 2019 ஏப்ரலிலிருந்து அதற்கு வாட் வரியும் கிடையாது, ஆளுக்கொரு பாக்கெட் போதும். யார் கொண்டுவந்தது என்று பேர் எழுத வேண்டாம், அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.