பன்னிரண்டு பட்டன் மவுஸ் தேவையா?

கேள்வி: நண்பர்களோடு 'ரஸ்ட்' என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறேன். ஓடிக்கொண்டே மைக்கில் பேச முடியவில்லை. அடிபட்டதும் உயிரேற்றும் சிரிஞ்சை எடுப்பதற்குள் செத்துவிடுகிறேன். பக்கவாட்டில் 12 பட்டன் வைத்த மவுஸ் வாங்கினால் சரியாகுமா? இப்போது இருப்பது சாதாரண ஆபீஸ் கீபோர்டும் மவுஸும்.
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: வேண்டாம். பக்கத்தில் இரண்டே பட்டன் உள்ள மவுஸ் போதும்.

உங்கள் இடது கையைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல் 'டி'யில் இருக்கிறது. பேசுவதற்கான 'வி'யைத் தொட அந்த விரல்தான் இறங்கிவர வேண்டும். பெல்ட்டின் (திரையின் கீழே பொருள்களை வைக்கும், எண் கீகளால் எடுக்கும் வரிசை) 5, 6ஆம் இடங்களுக்கும் அதே விரல்தான் மேலே ஏற வேண்டும். நீங்கள் தடுமாறுவது இங்கேதான். கேமின் ஆப்ஷன்ஸில் கன்ட்ரோல்ஸ் பக்கம் போய், பேசுவதை ஒரு பக்க பட்டனுக்கும் சிரிஞ்ச் வைக்கும் இடத்தை இன்னொன்றுக்கும் மாற்றுங்கள். இரண்டும் வலது கட்டைவிரலின் வேலையாகிவிடும். செலவு மவுஸுக்கு மட்டும்தான்.

விண்டோஸுக்குத் தெரிந்த மவுஸ் பட்டன்கள் மொத்தம் ஐந்து: இடது, வலது, சக்கரம், பக்கத்தில் இரண்டு. 12 பட்டன் மவுஸில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் கீபோர்டு எண்களைத்தான் அனுப்பும். பெல்ட்டில் இருப்பதோ ஆறே இடம். நான்கு உங்கள் இடது கைக்கே எட்டும். பதற்றத்தில் ஒரு கட்டைவிரல் பன்னிரண்டில் சரியானதைத் தேடிப் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை.

காசு போட வேண்டிய இடம் ஒருவேளை கீபோர்டாக இருக்கலாம். நோட்பேடைத் திறந்து 'டபிள்யூ', 'டி', ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'இ', 'ஆர்', 'ஜி', 5 என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். திரையில் விழாத கீ, சண்டையிலும் விழாது. மலிவு கீபோர்டுகளின் உள்வயரிங் அப்படி. எந்த செட்டிங்கும் அதைத் திருத்தாது. அப்படியானால் 'என்-கீ ரோல்ஓவர்' (எத்தனை கீ சேர்த்து அழுத்தினாலும் எல்லாமே பதியும்) என்று அட்டையில் போட்ட ஒன்றை வாங்குங்கள். எண்பலகை இல்லாததாக இருந்தால் மவுஸ் கைக்கு இடம் கிடைக்கும். ஆனால் எஃப்1, எஃப்2 கீகளின் மேல்வரிசையே இல்லாத '60 சதவீத' வகை வேண்டாம்: ரஸ்டின் கன்சோல், அதாவது கட்டளைகளைத் தட்டும் பெட்டி, எஃப்1இல் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் இரண்டு கீ அழுத்த வேண்டிவரும்.

அந்த கன்சோலையும் பழகிக்கொள்ளுங்கள். 'பைண்ட்' கட்டளையால் முன்னே போவதையும் வேக ஓட்டத்தையும் ஒரே கீயில் கட்டலாம். மேப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும்போது சுண்டுவிரல் தப்பிக்கும்.

கேள்வி: ரஸ்டில் துப்பாக்கி உதறாமல் சுடும் மேக்ரோவை (மவுஸைத் தானாக நகர்த்தும் பதிவு) ஏற்றியே மவுஸ் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது. அது ஏமாற்று வேலை, கணக்கையே தடை செய்துவிடுவார்கள். கேமுக்குக் கொடுத்த காசும் போனதுதான். கேம் விற்கும் ஸ்டீம் தளம் வழக்கமாகப் பணம் திருப்புவது வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் மட்டுமே. போதாததற்கு, 2022 ஜூனில் ரஸ்டைத் தயாரிக்கும் ஃபேஸ்பஞ்ச் நிறுவனம் அதன் உதறல் முறையையே மாற்றிவிட்டது. அதற்கு முன் மனப்பாடமாக ஓடிய மேக்ரோக்களை அவர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார் போலும்.

கேள்வி: 'ஆன்-போர்டு மெமரி' (பட்டன் அமைப்புகளை மவுஸுக்குள்ளேயே சேமிக்கும் வசதி) உண்டு என்று போட்டிருந்ததால் ஆன்லைனில் மவுஸ் வாங்கினேன். அப்படி எதுவும் இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டனை மாற்றி அமைத்துச் சேமித்து, நிறுவனத்தின் மென்பொருள் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் சொருகுங்கள். மாற்றம் அங்கே வரவில்லையென்றால் நியாயம் உங்கள் பக்கம். விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதி. பெட்டியைப் பிரிக்காமல் மெமரியை எப்படிச் சோதிப்பதாம்? எழுத்தில் கேளுங்கள், மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு முன்னால் அந்த விற்பனைப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நீங்கள் சண்டை போட ஆரம்பித்ததும் அந்த வரியை எடுத்துவிடக்கூடும்.